அட்டோர்வாவா ரோசுவாவா: பெரிய பக்கவிளைவை வச்சு ஒரு அலசல்

கொலஸ்ட்ராலுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணுதான், அட்டோர்வாஸ்டாட்டின் இல்லன்னா ரோசுவாஸ்டாட்டின். ரெண்டுமே ஸ்டாட்டின் குடும்பம், லிவர்ல கொலஸ்ட்ரால் உண்டாக்குற அதே என்சைமைத்தான் ரெண்டும் தடுக்குது. அதனால எது ஸ்ட்ராங்குன்னு மட்டும் கேட்டுட்டு மாத்திக்கிறவங்கதான் நெறைய. எம்ஜி கணக்குல ரோசுவாதான் ஸ்ட்ராங்கு, ரோசுவா 10 எம்ஜி பண்ற வேலைக்கு அட்டோர்வா 20 எம்ஜியாவது வேணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பெரிய பக்கவிளைவுன்னு வந்துட்டா ரெண்டும் மாட்டிக்கிற இடம் வேற வேற. நம்ம கிட்னி எப்படி இருக்கு, கூட வேற என்ன மாத்திரை ஓடுது, இதைப் பார்த்துதான் முடிவு பண்ணணும்னு நான் உறுதியா நம்புறேன்.

முதல்ல எல்லாரும் பயப்படுற தசை விஷயம். சாதாரண கால் வலி வேற, ராப்டோமயோலிசிஸ் வேற. இதுல தசை செல்லுங்க உடைஞ்சு உள்ள இருக்குற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சிடும், சிறுநீர் கட்டங்காபி கலர்ல போகும், எந்திரிச்சு நிக்கக்கூட பலம் இருக்காது, தசை உடையறதைக் காட்டுற சிகேங்கற என்சைம் அளவு ரத்தத்துல எங்கயோ ஏறிடும். ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். செரிவாஸ்டாட்டின்னு இன்னொரு ஸ்டாட்டின் இருந்துச்சு, பேயர் கம்பெனியோடது, இந்த காரணத்தாலதான் 2001 ஆகஸ்ட்ல உலகம் முழுக்க வாபஸ் வாங்கினாங்க. அதுல இறந்தவங்கள்ல நெறைய பேர் அதிக டோஸ்ல இருந்தவங்க, இல்லன்னா ஜெம்ஃபைப்ரோசில்ங்கற ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பு) மாத்திரையையும் சேர்த்து சாப்பிட்டவங்க. இந்த ரெண்டையும்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், டோஸும் கூட்டு மருந்தும். இன்னைக்கும் ஸ்டாட்டினோட ட்ரைகிளிசரைடுக்கும் மாத்திரை வேணும்னா ஃபீனோஃபைப்ரேட் குடுக்கறாங்க, ஜெம்ஃபைப்ரோசிலைத் தொடறதில்ல.

கூட்டு மருந்து விஷயத்துல அட்டோர்வாதான் வீக்கு. அதை உடம்புல உடைக்கிற வேலையை லிவர்ல சிஒய்பி3ஏ4ன்னு ஒரு என்சைம் பார்க்குது, அந்த என்சைமைத் தடுக்குற எதைக் கூட சாப்பிட்டாலும் அட்டோர்வா ரத்தத்துல தேங்கிடும், 10 எம்ஜி போட்டாலும் உடம்புக்கு அது பல மடங்கு டோஸ் மாதிரி ஆயிடும். எந்தெந்த மருந்துன்னு கேட்டா, அல்சர் கிருமிக்கும் நெஞ்சு சளிக்கும் குடுக்குற கிளாரித்ரோமைசின், அப்புறம் முக்கியமா இட்ராகோனசோல். படர்தாமரைக்கு இப்ப நம்ம ஊர்ல வாரக்கணக்குல குடுக்குறாங்களே அதேதான். தோல் டாக்டருக்கு நம்ம கொலஸ்ட்ரால் மாத்திரை தெரியாது, ஹார்ட் டாக்டருக்கு நம்ம படர்தாமரை தெரியாது, நடுவுல நம்மதான் வாயைத் திறந்து சொல்லியாகணும். கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் இதெல்லாம் அதிகமா சாப்பிட்டாலும் இதே கதை, சாதா திராட்சைக்கு இதுல சம்பந்தம் கெடையாது. ரோசுவா இந்த என்சைமை அவ்வளவா நம்பி இல்ல, அதனால இந்த மருந்துகளோட பெருசா மோதாது. ஆனா மாற்று உறுப்பு வச்சவங்க சாப்பிடற சைக்ளோஸ்போரின் கூட ரெண்டுமே ஆபத்து.

கிட்னின்னு வந்தா நிலைமை தலைகீழ். அட்டோர்வா பெரும்பாலும் பித்தம் வழியாவே வெளியேறிடும், சிறுநீர்ல போறது 2 சதவீதத்துக்கும் கம்மி, அதனால கிட்னி சரியில்லாதவங்களுக்கு டோஸை மாத்த வேண்டியதில்ல. ரோசுவால கிட்னி வழியா போற பங்கு அதைவிட ஜாஸ்தி, கிட்னி ரொம்ப பழுதானவங்களுக்கு 5 எம்ஜில ஆரம்பிச்சு 10 எம்ஜியோட நிறுத்திக்கணும்னு மருந்து லேபில்லயே இருக்கு. அதிக டோஸ்ல சிறுநீர்ல புரதம் போறதும் ரோசுவாலதான் கவனிச்சிருக்காங்க.

இன்னொண்ணு, இதை நம்ம ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். சிங்கப்பூர்ல சீனர், மலாய்க்காரர், இந்திய வம்சாவளி, வெள்ளைக்காரர்னு நாலு தரப்புக்கும் ஒரே அளவு ரோசுவா குடுத்துப் பார்த்தாங்க, 2005ல வெளியான ஆய்வு. வெள்ளைக்காரங்களை விட சீனருக்கு ரத்தத்துல ரெண்டு மடங்குக்கும் மேல மருந்து நின்னுச்சு, இந்திய வம்சாவளிக்கு அந்தளவுக்கு இல்லன்னாலும் கூடுதல்தான். அதனாலதான் அமெரிக்க லேபில்ல ஆசியர்களுக்கு 5 எம்ஜில ஆரம்பிக்கச் சொல்றாங்க, ஐரோப்பால 40 எம்ஜி ஆசியர்களுக்குக் கூடவே கூடாதுங்கறாங்க. ஒல்லியா, வயசான ஒரு அம்மாவுக்கு எடுத்த எடுப்புலயே பெரிய டோஸ் எழுதியிருந்தா ஏன் டாக்டர்னு கேக்கறதுல எந்தத் தப்பும் இல்ல.

சுகர் பக்கம் வருவோம், நம்ம நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல. ஸ்டாட்டின் எல்லாமே கொஞ்சம் சுகரை ஏத்தும், ஏற்கனவே பார்டர்ல இருக்கறவங்களைக் கோட்டைத் தாண்ட வைக்கும். இந்த ரெண்டையும் நேருக்கு நேர் வச்சுப் பார்த்தது கொரியால நடந்த லோட்ஸ்டார் ஆய்வு, 2023ல வந்துச்சு, இதய ரத்தக்குழாய் அடைப்பு இருக்கற 4400 பேர், மூணு வருஷம். ஹார்ட் அட்டாக், பக்கவாதம், இறப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தா ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசமே இல்ல. எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் ரோசுவால இன்னும் கொஞ்சம் இறங்குச்சு. ஆனா மருந்து போடுற அளவுக்குப் புதுசா சுகர் வந்தது ரோசுவால 7.2 சதவீதம், அட்டோர்வால 5.3, கண்புரை ஆபரேஷன் 2.5க்கு 1.5. ஒரு ஆய்வை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், தனக்கும் பார்டர்னு இருக்கறவங்க "ரோசுவா ஸ்ட்ராங்கு"ன்னு காரணமே இல்லாம மாறுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அதுக்காக சுகருக்கு பயந்து ஸ்டென்ட் வச்சவங்க மாத்திரையையே விட்டுடறது அதை விட மோசம், அவங்களுக்கு இன்னொரு அட்டாக்கைத் தடுக்கற பலன் இந்த நஷ்டத்தை விட ரொம்பப் பெருசு.

சிம்வாஸ்டாட்டின்ங்கற இன்னொரு ஸ்டாட்டின் பத்தி ஒரே வரி, 80 எம்ஜி டோஸை புதுசா யாருக்கும் ஆரம்பிக்காதீங்கன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011லயே சொல்லிடுச்சு, தசை பாதிப்புதான் காரணம்.

இப்ப மாத்திரை போட்டா உடம்பு வலிக்குதுன்னு சொல்றவங்க. வலி பொய்யின்னு நான் சொல்லவே மாட்டேன், ஆனா அது மாத்திரையாலதான் வருதாங்கறது வேற கேள்வி. இங்கிலாந்துல சாம்சன்னு ஒரு ஆய்வு, பக்கவிளைவால ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு சில மாசம் அட்டோர்வா, சில மாசம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாசம் ஒண்ணுமே இல்லன்னு மாத்தி மாத்திக் குடுத்தாங்க. ஸ்டாட்டின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் போலி மாத்திரைலயும் வந்துச்சு! அதைப் பார்த்துட்டு பாதிப் பேர் திரும்ப மாத்திரைக்கு வந்துட்டாங்க. அதனால வலின்னா முதல்ல சிகே, தைராய்டு, விட்டமின் டி பாருங்க. தைராய்டு கம்மியா இருந்தா அதுவே கொலஸ்ட்ராலையும் ஏத்தும், தசை வலியையும் குடுக்கும், ஸ்டாட்டினோட தசை ஆபத்தையும் கூட்டும், அதை சரி பண்ணாம மாத்திரையைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. நிறுத்தின பிறகும் வாரக்கணக்குல பலவீனம் கூடிக்கிட்டே போகுது, மாடிப்படி ஏற முடியல, கையைத் தூக்கித் தலை சீவ முடியலன்னா அது வேற விஷயம், உடம்போட எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்குற அபூர்வ வகை அது, நரம்பியல் டாக்டர் இல்லன்னா ருமட்டாலஜி (மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்) டாக்டர் பார்த்தாகணும்.

ஸ்டாட்டின் டோஸை ஏத்தறதுக்கு பதிலா எஸெடிமைப்ங்கற வேற வகை கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கறது எனக்குப் பிடிச்ச வழி. ஸ்டாட்டின் டோஸை ரெண்டு மடங்காக்கினா எல்டிஎல் இன்னொரு 6 சதவீதம்தான் இறங்கும், 10 எம்ஜி எஸெடிமைப் சேர்த்தா 20 சதவீதம் பக்கம் இறங்கும், அது குடல்ல வேலை செய்யறதால தசைத் தொல்லையும் கம்மி. 2022ல வந்த ரேசிங் ஆய்வுல ரோசுவா 10 கூட எஸெடிமைப் சாப்பிட்டவங்கள்ல 4.8 சதவீதம் பேர்தான் ஒத்துக்காம நிறுத்தினாங்க இல்ல டோஸைக் குறைச்சாங்க, ரோசுவா 20 மட்டும் சாப்பிட்டவங்கள்ல 8.2. இதயப் பாதுகாப்புல முதல் கூட்டம் பின்தங்கவே இல்ல.

ஸ்டாட்டினே ஒத்துக்காதவங்களுக்கு பெம்பெடாயிக் ஆசிட்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரை இருக்கு. அது லிவர்ல போய்தான் உயிர் பெறும், தசைல அதுக்கு வேலையே இல்ல. ஆனா யூரிக் ஆசிட் ஏறும். 2023ல வெளியான பெரிய ஆய்வுல கௌட் (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வீக்கமும் வலியும்) 3.1 சதவீதம், போலி மாத்திரைல 2.1, பித்தப்பைக் கல் 2.2க்கு 1.2, தசைநார் அறுந்துபோகலாம்னும் எச்சரிக்கை உண்டு. ஏற்கனவே கௌட் இருக்கறவங்க இதுக்கு அவசரப்பட வேண்டாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கற பிசிஎஸ்கே9 ஊசிங்க தசையையும் சுகரையும் பெருசா தொடறதில்ல, ஊசி போட்ட இடத்துல வீக்கம் வரும், விலைதான் நம்ம ஆளுங்களால தாங்க முடியல.

கடைசியா கொலஸ்ட்ராலுக்கு இயற்கை மருந்துன்னு விக்கிற சிவப்பு ஈஸ்ட் அரிசி. அதுல இருக்கற மோனகோலின் கேங்கறது லோவாஸ்டாட்டினேதான், அதே ஸ்டாட்டின், டப்பாவுக்கு டப்பா எவ்வளவு இருக்குன்னு மட்டும் நிச்சயம் இல்ல. 2024ல ஜப்பான்ல கோபயாஷி கம்பெனியோட சிவப்பு ஈஸ்ட் மாத்திரையைச் சாப்பிட்டவங்களுக்கு கிட்னி பழுதாகி மார்ச்ல மொத்தமா திரும்ப எடுத்தாங்க. டாக்டர் எழுதின ஸ்டாட்டினைப் பயந்து விட்டுட்டு இதை வாங்கறவங்களும், ரெண்டையும் சேர்த்துப் போடறவங்களும் தயவுசெஞ்சு இன்னைக்கே அந்த டப்பாவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.