மார்க்கெட் தெரு ஃபிராங்க்ளின் அச்சகம்: அவசியம் போய்ப் பாருங்கள்

ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகிறவர்களில் பலர் சுதந்திர மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில், மார்க்கெட் தெருவில் ஃபிராங்க்ளின் கோர்ட் இருக்கிறது. அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரும் அச்சகக்காரருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வீடு இருந்த இடம் அது. அதிலுள்ள அச்சகத்தைத் தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது. கட்டணம் கிடையாது.

காலால் மிதித்து ஓட்டும் அப்பாவின் ட்ரெடில் அச்சு மிஷின் பக்கத்திலேயே வளர்ந்தவன் நான். கோர்த்த ஈய எழுத்தின் மேல் மை ரோலர் ஓடித்தான் பார்த்திருக்கிறேன். இங்கே பூங்காத் துறை ஊழியரான ரேஞ்சர், தோல் பந்துகளில் மையை எடுத்து எழுத்தின் மேல் தட்டித் தட்டி ஒற்றுகிறார். தாளைச் சட்டத்தில் பொருத்தி மடித்து, மர இயந்திரத்துக்குள் தள்ளி, கைப்பிடியை உடம்பு சாய இழுக்கிறார். அவ்வளவு பாட்டுக்கும் ஒரு தாளில் ஒரு பக்கம்தான்! மை ஒற்ற ஒருவர், இழுக்க ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து மணிக்குச் சுமார் 200 தாள் ஓட்டினார்களாம்.

இந்த வேகத்தில் ஓடிய இயந்திரம் நாடு முழுக்க எப்படிப் போனது? அதற்கு ஃபிராங்க்ளினே நல்ல உதாரணம். 1731-இல் தாமஸ் விட்மார்ஷ் என்பவரைக் கூட்டாளியாக்கித் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பினார். இயந்திரமும் எழுத்தும் ஃபிராங்க்ளினுடையது. செலவிலும் லாபத்திலும் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. விட்மார்ஷுக்குப் பின் வந்த லூயிஸ் திமோத்தி 1738-இல் இறந்ததும், அவர் மனைவி எலிசபெத் அங்கே அச்சான பத்திரிகையை ஏற்று நடத்தினார். கணவர் ஒழுங்காக அனுப்பாத கணக்கை அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அனுப்பினார் என்று ஃபிராங்க்ளின் சுயசரிதையில் பாராட்டி எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த அச்சகக்காரர் இந்தம்மாதான்.

1786-இல் அலெகெனி மலை தாண்டி பிட்ஸ்பர்குக்கு ஓர் இயந்திரம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே கென்டக்கியிலும் பத்திரிகை வந்துவிட்டது. 1846-இல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் கிடைத்த எழுத்துகள் ஸ்பானிய மொழிக்கானவை. அதில் 'டபிள்யூ' இல்லை. இரண்டு 'வி'யைச் சேர்த்துக் கோர்த்தே ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்துவிட்டார்கள். எழுத்துகளைப் பிரித்து வைக்கும் கேஸ் பெட்டியில் எழுத்துத் தீர்ந்துபோய்த் தவித்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும்.

அச்சகத்தோடு திரும்பிவிடாதீர்கள். அதே வரிசையில் இருக்கும் தபால் நிலையத்தையும் பார்த்தால்தான் கதை முழுமையாகும். 1792 தபால் சட்டப்படி கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை. பத்திரிகைக்கோ 100 மைல் வரை ஒரே சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் இதழ்களை இலவசமாகவே அனுப்பிக்கொள்ளலாம். அதனால் எங்கோ எல்லைப்புறத்தில் ஒற்றை மிஷின் வைத்திருந்தவருக்கும் தலைநகரச் செய்தி கிடைத்தது. அதை அப்படியே எடுத்துக் கோர்த்துக்கொண்டார். பத்திரிகைகள் பெருகியதில் இயந்திரத்தைவிட இந்தச் சலுகைக்கே பங்கு அதிகம் என்பேன்.

அச்சடித்துக் காட்டும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கூட்டம் குறைந்ததும் ரேஞ்சரிடம் பேச்சுக் கொடுங்கள்.