ஹெர்னியா ஆபரேஷன்: இடத்தை மட்டும் மரக்கவைப்பதா, முழு மயக்கமா?

தொடை இடுக்கில் வந்த ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) ஆபரேஷன்தான் என்று முடிவானதும் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். அந்த இடத்தில் மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, கீறி, பலவீனமான இடத்தைத் தாங்க ஒரு வலை (மெஷ்) வைத்துத் தைப்பது ஒன்று. முழு மயக்கம் கொடுத்து, சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் வலை வைப்பது இன்னொன்று. எதைச் செய்தாலும் பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். நான் முதல் வழியில் செய்துகொண்டேன். ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை வந்த ஹெர்னியா என்றால் அதையே சொல்வேன்.

லேப்ராஸ்கோபியில் தழும்பு சிறிது, ஆரம்ப வலி குறைவு, வேலைக்கும் கொஞ்சம் சீக்கிரம் திரும்பலாம். கைதேர்ந்தவர் செய்தால் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதெல்லாம் மருத்துவரே சொல்லிவிடுவார்.

என்னை முடிவெடுக்க வைத்தது வீட்டுக்குப் போன முதல் ராத்திரி எப்படிப் போகும் என்ற கேள்விதான். முழு மயக்கத்துக்குப் பிறகு சிலருக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளும். முட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் போக முடியாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தாலும் இதே தொல்லை உண்டு. புராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீங்கிய ஆண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். என் அண்ணன் லேப்ராஸ்கோபி செய்துகொண்ட அன்று நடுராத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போய்க் குழாய் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கும் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குமட்டலும் அப்படித்தான். தைத்த வயிற்றை இறுக்கிக்கொண்டு வாந்தி எடுப்பது கொடுமை. அப்புறம், முழு மயக்கம் என்றால் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான கையெழுத்து எதுவும் போடக் கூடாது, வயதுவந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தனியாக இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

மரக்கவைத்துச் செய்ததில் எனக்கு ஊசி போடும்போது சுரீரென்று எரிந்தது. அதற்குப் பிறகு உள்ளே இழுப்பது தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. நடுவில் மருத்துவர் "கொஞ்சம் இருமுங்க" என்றார். வைத்த வலை தாங்குகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டார். முடிந்து சற்று நேரத்தில் எழுந்து, நடந்தே கழிவறைக்குப் போனேன். மூத்திரம் சிரமமில்லாமல் போனது. அந்த நிம்மதிக்காகவே தழும்பு கொஞ்சம் நீளமாக இருப்பது பரவாயில்லை.

இதிலும் கஷ்டம் உண்டு. மரப்பு சில மணி நேரத்தில் விட்டதும் வலி மொத்தமாக வந்து இறங்கும். அதற்கு முன்பே, மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமாலைப் போட்டுவிட வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் நல்லது. ஓபியாய்டு வகை (அபின் வகையைச் சேர்ந்த பலமான) வலிமாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் தையல் இடம் உயிரை வாங்கும். ஆகவே தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். கன்றிப்போன நீலம் விதைப்பை வரை இறங்கினால் பயப்பட வேண்டாம், அது சகஜம். காய்ச்சல், பரவும் சிவப்பு, 6–8 மணி நேரமாக மூத்திரம் போகாமை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

முன்தயாரிப்பில் பெரிய வித்தியாசமில்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திட உணவை 6 மணி நேரம் முன்பும் வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது வழக்கம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. வீட்டில் ரேசரால் மழிக்காதீர்கள், சின்னக் கீறலும் சீழ் பிடிக்க வழி.

இரண்டு பக்கமும் ஹெர்னியா, திறந்து செய்தபின் திரும்ப வந்த ஹெர்னியா, பெண்களுக்கு வருவது – இவற்றுக்கு லேப்ராஸ்கோபியைத்தான் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். அங்கே என் அனுபவம் உதவாது. ரொம்பப் பயப்படுபவர்களுக்கும் விழித்தபடி படுத்திருப்பது சரிவராது. மற்றபடி, மரக்கவைத்துச் செய்வதை வழக்கமாகவே செய்கிறவரா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். எப்போதாவது ஒன்று செய்கிறவர் என்றால், அவருக்குக் கைவந்த முறையிலேயே செய்துகொள்வதுதான் சரி.