பேட்டரி மாற்றினேன், செல்ஃப் மோட்டார் மாற்றினேன். பழுது இருந்ததோ எர்த் வயரில்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஒரு பட்டறையில் காட்டப்போய், ஒரு மாதத்துக்குள் பேட்டரிக்கும், இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாருக்கும் பணம் கட்டினேன். இரண்டிலுமே பழுது இல்லை. கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் வயரில்தான் பழுது. மூன்றாவதாக, வயரிங் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்று அவர்கள் சொன்னபோதுதான் விழித்துக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தேன்.

14 வருடம் ஓடிய பெட்ரோல் கார். எனக்கு முன் இரண்டு கை மாறியது. ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். மீட்டர் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரன் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து ஜம்ப் கேபிள் மாட்டினார். கறுப்பு கிளிப்பை என் வண்டியின் இன்ஜினில் கவ்வவிட்டார். முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மெக்கானிக்கிடம் இதைச் சொன்னதும், "ஜம்ப் போட்டதும் எடுத்துச்சுல்ல சார்? அப்ப பேட்டரிதான் போச்சு" என்றார். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கவே இல்லை. எனக்கும் அது சரி என்றே பட்டது. புது பேட்டரி போட்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அதே டொக்.

இந்த முறை, "செல்ஃப் மோட்டார்ல கார்பன் தேஞ்சிருக்கும் சார், புதுசே போட்டுடலாம்" என்றார். போட்டார். பழைய மோட்டாரைக் கேட்டபோது, அதைக் கொடுத்துத்தான் புதியதை வாங்கியதாகச் சொன்னார். பில்லில் 'செல்ஃப் மோட்டார் 1' என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் டொக். நாலைந்து முறை சாவியைத் திருப்பிவிட்டு பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுட்டது. இன்ஜின் ஓடவே இல்லை, கேபிள் எப்படிச் சுடும்? அதையும் போய்ச் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், வயரிங் போச்சு" என்று முடித்துவிட்டார். அந்தச் சூடுதான் பழுது எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சத்தம் வருது தம்பி, ஒரு டொக்கா, டக்டக்டக்னு தொடர்ந்தா?" என்பதுதான். தொடர்ந்து படபடவென்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லாவிட்டால் டெர்மினல் லூஸ். விளக்கு மங்காமல் ஒரே ஒரு டொக் என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரோ, அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டோ பழுது. சத்தமே இல்லை என்றால் ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும் என்றார்.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார்: 12.6 வோல்ட், முழு சார்ஜ். என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். 11.8-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி மோசமாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் 9.6-க்கும் கீழே விழுந்திருக்கும் என்றார். அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வைத்தார், கிளாம்ப்பில் அல்ல. இன்னொரு முனையை இன்ஜினின் வெற்று உலோகத்தில் அழுத்திக்கொண்டு, மறுபடி திருப்பச் சொன்னார். மீட்டரில் 4.1 வோல்ட். "இங்க 0.2, 0.3-க்கு மேல காட்டவே கூடாது தம்பி. உங்க வோல்ட்டேஜ்ல மூணுல ஒரு பங்கு திரும்புற வழியிலேயே போகுது."

செல்ஃப் மோட்டார் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 200 ஆம்பியர் ஓடும் வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். விளக்குக்கும் ஹாரனுக்கும் சில ஆம்பியர் போதும் என்பதால் அவை கெட்ட வயரிலும் ஒழுங்காக வேலை செய்யும். சும்மா நிற்கும் வண்டியில் அந்த வயரை ஓம் வைத்துப் பார்த்தால் சாதாரண மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். அதனால் சாவியைத் திருப்பும்போது அளந்தால்தான் பழுது பிடிபடும். எர்த் சரியில்லாதபோது கரண்ட் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். என் வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது.

ஜம்ப் கேபிளில் ஒன்றை மட்டும் எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போட்டார். உடனே ஸ்டார்ட்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஜம்ப் போட்டபோது நடந்ததும் இதேதான். அவருடைய கறுப்பு கிளிப் கெட்ட எர்த்தைத் தாண்டி நேராக இன்ஜினைத் தொட்டது. பேட்டரி தப்பு என்று அதை வைத்து முடிவுகட்டியதை நான் மன்னித்துவிடுவேன். புது பேட்டரி போட்ட பிறகும் அளக்காமல் மோட்டாரைக் கழற்றியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. விரலால் மடக்கியதும் செம்பு இழைகள் தூளாக உதிர்ந்தன. ஒவ்வொரு முறை பட்டறையில் அந்தப் பக்கம் கை வைத்தபோதும் பட்டை அசைந்து நாலு இழை கூடுதலாகத் தொட்டிருக்கும், அதனால்தான் சில நாள் ஓடியது என்றார். புதுப் பட்டை வாங்கி, போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளப்பாகும்வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட்.

போகிறபோக்கில் டார்ச் அடித்து, "இதைப் புதுசுன்னா சொன்னாங்க?" என்று செல்ஃப் மோட்டாரைக் காட்டினார். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தின் மேலேயே கறுப்பு பெயின்ட் படிந்திருந்தது. யாரோ கழற்றிப்போட்ட மோட்டார்.

தயவுசெய்து எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பில்லில் கம்பெனி பெயரும் நம்பரும் எழுதி வாங்குங்கள். நீங்களே அளப்பதாக இருந்தால் கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபேன் பெல்ட் பக்கம் துணியும் வயரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் பக்கத்தையும் விடாதீர்கள்: பேட்டரி குமிழிலிருந்து மோட்டார் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜும் சரியாக ஏறுகிறது.

அந்த உதிர்ந்த பட்டையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். செய்த வேலைக்குத்தான் காசு வாங்கினோம் என்றார்கள். என் பழைய மோட்டாரைக் கேட்டேன். அந்த வேலையைப் பார்த்த பையன் நின்றுவிட்டான் என்றார்கள். மோட்டாரின் ஸ்க்ரூ தலைகளைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.