மழைக்குக் கத்தும் ரிவேர்ஸ் சென்சர்: கராஜில் காசைக் கொடுக்க முதல் வாசியுங்கள்

ஐப்பசி மழை இறங்கியதும் கனபேரின் காருக்கு இந்த வருத்தம் வரும். ரிவேர்ஸ் கியரைப் போட்டால் பின்னால் ஆள் இல்லை, மதில் இல்லை, நாய்கூட இல்லை, சென்சர் மட்டும் விடாமல் கத்தும். வெயில் எறித்தால் தானாகவே அடங்கிவிடும். அதற்காகக் கராஜுக்குப் போக வெளிக்கிடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. என்னிடம் 38,500 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மழைக்குக் கார் பழையபடி கத்தியது. கராஜின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு எழுத்தில் போயிருக்கிறது, அது முடியும்வரை பெயரை இழுக்காதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பெயரைவிட, என்ன சொல்லிக் காசு வாங்கினார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என்னுடையது யப்பானிலிருந்து வந்த ரீகண்டிசன் ரொயோட்டா அக்வா. பின் பம்பரில் நாலு சென்சர். அவை கம்பனியில் பூட்டி வந்தவை இல்லை. எனக்கு முன்னர் இந்தக் காரை வைத்திருந்தவர் இங்கே கடையில் ஒரு செற் வாங்கிப் பூட்டினவர். இந்த விஷயத்தை நினைவில் வைத்திருங்கள், முழுப் பித்தலாட்டமும் இதில்தான் பிடிபட்டது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில் ஏறின விலை எல்லோருக்கும் தெரியும். இருக்கிற காரைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் நெஞ்சு பதறுகிறது. "இதை இப்ப மாத்தாட்டி மற்றதும் அடிபடும்" என்று யாரும் சொன்னால் காசை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

கராஜில் காரை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, நாலு சென்சரும் பழுது. தண்ணி உள்ளுக்குப் போய் கொன்ரோல் யூனிற்றும் அடிபட்டிட்டுது."

"கழட்டிப் பாத்தனீங்களோ தம்பி?"

"கழட்டத் தேவையில்லை அக்கா, ஸ்கானர் போட்டுப் பாத்தனாங்கள். எரர் காட்டுது. அது உங்களுக்கு விளங்காது."

ஒரு ரப்லற் திரையைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு எழுத்தில் என்னவோ இருந்தது. "ஒறிஜினல் சாமான் போட்டுத் தாறம், இனி எந்த மழைக்கும் சத்தம் வராது" என்றார். பின்னேரம் பில் வந்தது: சென்சர் செற் 24,000, கொன்ரோல் யூனிற் 6,500, ஸ்கான் 3,500, கூலி 4,500. முதலில் ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தார்கள். கடை சீல் குத்தின பில்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். கழற்றின சாமானையும் கேட்டேன்.

"அது குப்பைதானே அக்கா, என்னத்துக்கு?"

"என்ர சாமான், தாங்கோ தம்பி."

முகத்தைச் சுழித்துக்கொண்டு ஒரு ஷொப்பிங் பையில் போட்டுத் தந்தார்கள். இந்தப் பதிவை எழுத எனக்குத் துணிவு தந்தது அந்தப் பைதான்.

அடுத்த பெருமழைக்குக் கார் திரும்பக் கத்தியது. முன்னர் மழைக்கு மட்டும்தான். இப்போது காய்ந்த நாளிலும், ரிவேர்ஸில் பள்ளத்தில் இறங்கி ஏறினால் கத்தும். கராஜுக்கு எடுத்துச் சொன்னால், "மழைக்கு எல்லாக் காரும் கத்தும்தானே அக்கா" என்று பதில். பிறகு என்னத்துக்கு எனக்கு நாலு சென்சரை மாற்றினீர்கள் என்று கேட்க, லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அண்ணை சொல்லி, வலிகாமம் பக்கம் தன் வீட்டு முற்றத்திலேயே வாகன வயரிங் செய்கிற ஒரு ஐயாவிடம் போனேன். அவர் பில்லையும் கேட்கவில்லை, காரின் பொனற்றையும் திறக்கவில்லை. பையில் இருந்த பழைய சாமானைக் கொட்டி, ஒரு பழைய 12 வோல்ற் பற்றரியில் கொழுவினார். ஒவ்வொரு சென்சருக்கும் முன்னால் உள்ளங்கையைக் கொண்டுபோனார். நாலும் சரியாகக் கத்தின. கையை எடுத்ததும் அடங்கின. "பழுது" என்று எழுதிக் காசு வாங்கின கொன்ரோல் யூனிற்றும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரேயொரு சென்சரின் வயர் முனையில் மட்டும் செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. "பிள்ளை, இதைச் சுரண்டித் துடைச்சுப்போட்டு இறுக்கினாக் காணும். பண்ணைப் பக்கம் கனக்க ஓடுறனீங்களோ?" என்றார். என் வேலை வேலணையில், பண்ணைக் கடல் பாதையால்தான் போய்வருவது. கடல் காற்றுக்கும் உப்புக்கும் கொழுவிகள் அப்படித்தான் ஆகுமாம்.

மழைக்கு ஏன் கத்துகிறது என்பதையும் அவரே விளக்கினார். தெரிந்தால் உங்களையும் யாரும் இலகுவில் ஏய்க்க முடியாது. இந்தச் சென்சர் ஏறத்தாழ 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு சத்தத்தை எறிகிறது. மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது, ஆகவே நமக்குத் தெரியாது. அந்தச் சத்தம் பின்னால் இருக்கிற பொருளில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளந்துதான் தூரத்தைச் சொல்கிறது. காற்றில் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஓடும். ஒரு மீற்றர் தள்ளி நிற்கிற மதிலுக்குப் போய்வர 6 மில்லி செக்கன் போதும்.

சத்தத்தை எறிகிறதும் திரும்பி வருகிறதைக் கேட்கிறதும் ஒரே தகடு. கோயில் மணியை அடித்து விட்ட பிறகும் ஓசை இழுபடுவதுபோல, எறிந்த பிறகும் அந்தத் தகடு கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் அதனால் எதையும் கேட்க முடியாது. மிகக் கிட்ட இருக்கிற பொருள் சென்சருக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான். இப்போது தகட்டில் ஒரு மழைத்துளி ஒட்டி நிற்கிறது என்று வையுங்கள். அதிர்வு மாறிவிடும், சிலவேளை நீண்டும் போகும். கொன்ரோல் யூனிற் அந்த நீண்ட அதிர்வை, மிகக் கிட்ட இருந்து வந்த எதிரொலி என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான செற்றுகள் 30 சென்ரிமீற்றருக்குள் வந்தால் விடாமல் கத்தும். மழைக்கு நீங்கள் கேட்கும் அந்த இடைவிடாத "பீ" அதுதான். சென்சர் பழுதில்லை, நனைந்திருக்கிறது. கார் கம்பனிகளின் கைநூலிலேயே, சென்சரில் தண்ணீர்த் துளி, சேறு இருந்தாலும் கடும் மழையிலும் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் ஹோர்ன் அடித்தாலும், பெரிய பஸ் எயார் பிரேக் விட்டாலும்கூடக் குழம்பும் என்று அதே பக்கத்தில் இருக்கும்.

இனி ஸ்கானர் கதைக்கு வருகிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காதது இதில்தான். கடையில் வாங்கிப் பூட்டுகிற செற், காரின் கொம்பியூட்டரோடு தொடர்பே இல்லாதது. பின்பக்க ரிவேர்ஸ் லைற்றின் வயரில் கரண்ட் எடுத்து, தன் பாட்டில் ஓடும். ஸ்கானர் படிப்பது காரின் கொம்பியூட்டரை. கொம்பியூட்டருக்கு அப்படி ஒரு சென்சர் இருப்பதே தெரியாதபோது, அதில் எப்படி எரர் வரும்? அவர்கள் காட்டின சிவப்பு எழுத்து வேறு எதற்காகவும் இருந்திருக்கலாம், ஆனால் என் சென்சருக்காக இல்லை. அந்த 3,500 ரூபாய் சுத்தப் பொய்க்கு வாங்கின காசு.

கொன்ரோல் யூனிற்றுக்குத் தனிக் காசு எடுத்ததும் அதே ரகம். இந்தச் செற்றுகள் பெட்டியாகவே விற்கப்படுகின்றன. நாலு சென்சர், கொன்ரோல் யூனிற், கத்துகிற பஸர், துளை போடுகிற பிற் என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதற்கு 24,000 எடுத்துவிட்டு, உள்ளே வந்த யூனிற்றுக்கு இன்னொரு 6,500. "ஒறிஜினல்" என்று சொல்லிப் பூட்டினதில் பெயரே இல்லை.

பூட்டின விதமோ இன்னும் மோசம். சென்சரின் பின்பக்கத்தில் மேல்ப்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி இருக்கும். எனக்குப் பூட்டினதில் இரண்டு தலைகீழ். ஒன்று துளைக்குள் சாய்ந்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது கத்தினது அதனால்தான், அது றோட்டைக் கண்டு கத்தியிருக்கிறது. பம்பர் நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று தகட்டின் மேல் தடிப்பாகப் பெயின்ற் வேறு அடித்திருந்தார்கள். தடித்த பெயின்ற் அந்தத் தகட்டின் அதிர்வை அமுக்கிவிடும். வயர் இணைப்புகளில் இன்சுலேசன் ரேப் மட்டும் சுற்றி, பம்பருக்குள் தண்ணீர் தேங்குகிற மூலையில் தொங்க விட்டிருந்தார்கள். ஐயா எல்லாவற்றையும் கழற்றி, பச்சை பிடித்த முனையைத் துடைத்து, என் பழைய செற்றையே திரும்பப் பூட்டினார். வயரை மேலே ஏற்றிக் கட்டி, இணைப்புகளை இறுக்கி மூடினார். அவர் கேட்ட கூலி கராஜ்காரர் ஸ்கானுக்கு எடுத்ததிலும் குறைவு.

இப்போதும் கொட்டுகிற மழையில் சிலவேளை ஒரு "பீ" வரும். இறங்கி ஒரு துணியால் நாலையும் துடைத்தால் நின்றுவிடும். ஆகவே உங்கள் கார் கத்தினால் முதல் வேலை அதுதான். வலிகாமத்துச் செம்மண் சேறு ஒட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். துடைத்த பின்னும் நிற்காவிட்டால், கார் உருளாதபடி சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜின் ஓடாமல் திறப்பு மட்டும் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி ரிவேர்ஸில் வைத்திருக்க, நீங்கள் ஒவ்வொரு சென்சரிலும் விரல் நுனியை வையுங்கள். வேலை செய்கிற சென்சரில் மெல்லிய "டிக் டிக்" விரலுக்குத் தெரியும். ஒன்றில் மட்டும் தெரியாவிட்டால் அதன் வயரையும் பக்கத்துச் சென்சரின் வயரையும் யூனிற்றில் இடம் மாற்றிக் கொழுவச் சொல்லுங்கள். பிறகும் அதே சென்சரில் "டிக் டிக்" தெரியாவிட்டால் சென்சரோ அதன் வயரோ பழுது. அதில் தெரிந்து, பக்கத்துச் சென்சரில் இல்லாமல் போனால் யூனிற்றைப் பாருங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்து காட்டாமல் "நாலும் பழுது" என்கிறவரிடம் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

கத்துவதெல்லாம் பொய்யும் இல்லை. ஒழுங்கைக்குள் ரிவேர்ஸ் எடுக்கும்போது, மழையில் நனைந்து தாழ்ந்த பூவரசங் கொப்பு பம்பருக்குக் கிட்ட வந்திருக்கும். சென்சர் அதைக் கண்டுதான் கத்துகிறது, பாவம். கரைச்சலாக இருக்கிறது என்று பஸர் வயரை வெட்டிவிடச் சொல்கிற கராஜ் பெடியன்மாரும் இருக்கிறார்கள். முற்றத்தில் குழந்தைகள் ஓடித்திரிகிற வீட்டில் அந்த யோசனையைக் கேட்காதீர்கள். சேர்விஸ் ஸ்ரேசனில் பிரஷர் தண்ணீரைச் சென்சருக்கு நேரே கிட்ட வைத்து அடிக்க விடவும் வேண்டாம்.

கம்பனியிலேயே சென்சர் பூட்டி வந்த கார்கள் வேறு. அவற்றில் ஸ்கானர் உண்மையாகவே எரர் காட்டும். திரையில் யப்பான் எழுத்தில் ஏதாவது வந்தால் கராஜ்காரர் சொல்வதை நம்பாமல் போன் கமராவால் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். சென்சரைத் துடைக்கச் சொல்கிற அறிவிப்பாகவும் இருக்கலாம்.

ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மழை முடியட்டும், தை பிறக்கட்டும் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். பில், பழைய சாமானின் படங்கள், பூட்டின விதத்தைக் காட்டும் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நான் அனுப்பிவிட்டேன்.

அனுப்பின செய்தி தெரிந்ததும் கராஜ்காரர் தானாகவே போன் எடுத்தார். ஸ்கானுக்கு எடுத்த 3,500 ரூபாயைத் திருப்பித் தருகிறாராம். "ஆனா அக்கா, ஒரு குறையும் இல்லையெண்டு ஒரு துண்டில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேணும்" என்றார். போட்டுக் கொடுக்கவில்லை.