மாடிப் பலகைத் தளத்துக்கு எது: எண்ணெயா, பாலிஷா, பி.யூ. பூச்சா?

செட்டிநாட்டு வீடு என்றதும் ஆத்தங்குடிக் கல்தரைதான் நினைவுக்கு வரும். ஆனால் மாடியில் தேக்குப் பலகை பாவிய வீடுகளும் மரப்படிகள் உள்ள வீடுகளும் இங்கே உண்டு. பிரித்த வீட்டு மரத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிப் புது வீட்டில் பதிப்பவர்களும் இருக்கிறார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) பர்மா வணிகம் முறிந்தது. அதற்கு முன் அங்கிருந்து கப்பலில் வந்து இறங்கிய தேக்குக்கு ஈடான பலகை இன்று எளிதில் கிடைக்காது. அதனால் பலகையை எவ்வளவு குறைவாகத் தேய்க்கலாம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பளபளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேய்ப்பதற்கு டிரம் சாண்டர் எனும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாமா? வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் ஓரிடத்தில் நொடி நேரம் நின்றாலும் பலகையில் பள்ளம் விழுந்துவிடும். பழைய தளம் நடந்து நடந்து மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கும். அதைச் சமமாக்கப் போனால் நல்ல மரத்தில் பாதி தூளாகப் போகும். துருத்திக்கொண்டிருக்கும் ஆணித்தலைகள் உப்புத்தாளையும் கிழித்துவிடும். இதற்குப் பதிலாக, ஆணிகளை உள்ளே தட்டி இறக்கி, பழைய பூச்சைத் தகட்டால் சுரண்டி, பிறகு கையில் பிடிக்கும் ஆர்பிட்டல் சாண்டரால் 80ஆம் எண் உப்புத்தாளும் அடுத்து 120ஆம் எண்ணும் போடுவது மேல். கடைசியாக ஒரு முறை கையாலேயே, மர இழையின் போக்கில் தேய்க்க வேண்டும். நாள் கூடும், கூலி கூடும், மரம் மிஞ்சும்.

பழைய எனாமல் பெயின்ட் பூசிய பலகை என்றால் உலரத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி எடுங்கள். குழந்தைகளை அந்தக் கட்டுக்கே விடாதீர்கள். வெறும் மரத்தூளும் நுரையீரலுக்கும் மூக்குக்கும் கேடுதான். துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் ஆசாரிக்கு என்-95 முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

இனிப் பூச்சு. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் ஏற்றுவது. நிலைக்கும் கதவுக்கும் தூணுக்கும் அதற்கு நிகரில்லை. புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு கலந்துவிடுவதால் ஒட்டுப்போட்ட தடமும் தெரியாது. ஆனால் தண்ணீர் தேங்கினால் வெளுத்துப் போகும், சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும். தளத்துக்கு வேண்டாம். மெலமைன் எனும் ரசாயனப் பூச்சும் வேண்டாம்; கடினமாகத்தான் இருக்கும், ஆனால் பருவத்துக்குப் பருவம் பலகை விரிந்து சுருங்கும் இணைப்புகளில் வெடித்துவிடும்.

உண்மையான போட்டி பி.யூ. எனும் பாலியூரித்தேனுக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கும்தான். நாள்தோறும் ஆள் புழங்கும் இடத்தில், தண்ணீர் சிந்தும் இடத்தில் பி.யூ.வை எதுவும் மிஞ்சாது. கானாடுகாத்தான் பக்கம் வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். தேக்கின் இயல்பான எண்ணெய்ப்பசை பூச்சை ஒட்டவிடாது என்பதால், முதலில் தின்னரால் துடைத்து, அது காய்ந்ததும் தாமதமின்றிப் பூச வேண்டும். இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பி.யூ.வின் ஆவிக்குத் துணிக் கவசம் போதாது. இதன் பெரிய குறை பின்னால்தான் தெரியும். ஓரிடத்தில் தேய்ந்துபோனால் அங்கே மட்டும் பூசிச் சரிசெய்ய முடியாது. தடம் தெரியாமல் இருக்க அறை முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பலகை மெலியும்.

எண்ணெய் அப்படியல்ல. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் முதல் பூச்சுக்கு மட்டும் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும். பளிச்சென்று மின்னாது, மரத்தின் நிறம் ஆழமாகும். தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்பத் தடவலாம், வீட்டார் எவரும் செய்யலாம். ஆண்டுக்கொரு முறை செய்தாக வேண்டும் என்பதுதான் விலை. திருமணத்துக்கும் படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்கும் மட்டும் திறக்கும் வீட்டில், பங்காளிகள் செலவைப் பகிரும் வீட்டில், என் தேர்வு இதுதான். ஆத்தங்குடிக் கல்லுக்குத் துடைப்பதுபோலத் தேங்காய் எண்ணெயை மட்டும் பலகைக்குத் தடவாதீர்கள். அது காய்ந்து இறுகாது. தூசியைப் பிடித்துச் சிக்கு நாற்றமடிக்கும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே தூக்கிப் போடுங்கள்.

எதைப் பூசினாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றில் எண்ணெய் காயாது, அரக்குப் பூச்சு பால்போல வெளுக்கும். மாசி, பங்குனி நல்ல காலம். பி.யூ. என்றால் மட்டும் காலையிலேயே பூசி முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் அது சட்டென இறுகி பிரஷ் தடம் நின்றுவிடும்.