பாளையங்கோட்டையில் நிலைத்தன்மை அறிக்கைச் சேவை: எங்கள் அனுபவம்

கங்கைகொண்டான் சிப்காட்டில் இயங்கும் எங்கள் சிறு தொழிற்கூடத்திடம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர் நிலைத்தன்மை விவரங்களை, அதாவது சுற்றுச்சூழல், சமூகம் ஆகியவற்றின் மீது எங்கள் தொழில் ஏற்படுத்தும் தாக்கம் பற்றிய தகவல்களைக் கேட்டதால், பாளையங்கோட்டையிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தை நாடினோம். இத்தகைய அறிக்கைகளுக்கு உலகளவில் பயன்படும் ஜிஆர்ஐ (Global Reporting Initiative) தரநிலைகளை அவர்கள் விளக்கிய விதம் பாராட்டுக்குரியது. குறிப்பாக, 2018இல் வெளியான, தண்ணீருக்கான தரநிலையான ஜிஆர்ஐ 303, எடுக்கப்படும் தண்ணீரை நிலத்தடி நீர், மேற்பரப்பு நீர், பிறர் வழங்கும் நீர் என்பது போல மூலவாரியாகப் பிரித்து, பத்து லட்சம் லிட்டரை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடச் சொல்கிறது. வெளியேற்றும் நீரும் உண்மையில் செலவாகும் நீரும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரே பக்கத்தில் சேர்த்தெழுதி வந்த எங்களுக்கு, தாமிரபரணியை நம்பி வாழும் ஊரில் இருந்துகொண்டு இதை இத்தனை காலம் யோசிக்காதது சற்று வெட்கமாகவே இருந்தது.

குறையும் உண்டு. கட்டண விவரத்தில் ‘ஜிஆர்ஐ சான்றிதழ்’ என்று ஒரு தொகையைச் சேர்த்திருந்தார்கள். சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 தரநிலைக்குத் தணிக்கை செய்து நிறுவனங்களுக்குச் சான்றிதழ் தருவது உண்டு. ஆனால் ஜிஆர்ஐ அறிக்கையிடும் முறை மட்டுமே, அறிக்கைக்கு அது சான்றிதழ் தருவதில்லை; அதன் ஆவணங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சுட்டிக்காட்டியதும் அத்தொகையைக் கழித்துவிட்டார்கள். தண்ணீர்க் கணக்குக்கு இவர்களைத் தயங்காமல் அணுகலாம். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களிடம் கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தில் மட்டும் இவர்களுக்கு இன்னும் பழக்கம் போதாது.