க்ரேப் கட்டா, காலுறையா, வெல்க்ரோ உறையா?

பஞ்சாலைத் தறி முன்னால் ஷிஃப்ட் முழுக்க நின்றவர்கள், மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள், கரும்பலகை முன்னால் காலம் கழித்த ஆசிரியர்கள் என்று புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நின்றே உழைத்த தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இவர்களில் பலருக்கு மாலையானால் கால் கனக்கிறது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கிறது, சிலருக்குப் புண்ணும் வந்துவிடுகிறது. ரத்தக் குழாயின் வால்வுகள் தளர்ந்து ரத்தம் மேலேறாமல் தேங்குவதால் வரும் தொல்லை இது. வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம்தான் இதற்கு அடிப்படை வைத்தியம்.

மெடிக்கல் கடைக்குப் போனால் முதலில் கையில் கிடைப்பது க்ரேப் பேண்டேஜ். விலை குறைவு, சீட்டும் கேட்பதில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் போடுவதற்கு இது வேண்டாம் என்பேன். பேரன் காலையில் அவசரமாகக் கட்டிவிடுவதைக் கவனித்துப் பாருங்கள். பாதத்தை விட்டுவிட்டுக் கணுக்காலில் தொடங்குவான், முழங்காலுக்குக் கீழே வந்ததும் நன்றாக இழுத்துக் கிளிப் போடுவான். கணுக்காலில் அதிகமாக இருந்து மேலே போகப்போகக் குறைய வேண்டிய அழுத்தம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. மாலைக்குள் பாதம் பன்னாக உப்பிவிடும். சரியாகவே கட்டினாலும் சில மணி நேரத்தில் துணி தளர்ந்துவிடும்.

காலுறையில் அந்த அழுத்தக் கணக்கை நெசவிலேயே வைத்துவிடுகிறார்கள். ஜெர்மன் அளவுப்படி முதல் வகுப்பு 18 முதல் 21 பாதரச மில்லிமீட்டர் (ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகு), இரண்டாம் வகுப்பு 23 முதல் 32. பிரிட்டிஷ் வகுப்புகள் இதைவிடக் குறைந்த அழுத்தம் கொண்டவை. அதனால் பெட்டியில் வகுப்பைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். காலை எழுந்ததும், வீக்கம் ஏறும் முன்பே, அளவெடுக்க வேண்டும். அணிவதும் அப்போதுதான், இரவில் கழற்றிவிடலாம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் பிடி போய்விடும், புதிது வாங்க வேண்டும்.

காலுறையின் பெரிய தடை அதை மாட்டுவதுதான். முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு விரல்களில் மூட்டுவாதம். உறையைக் குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, ரப்பர் கையுறையோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவி ஏற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்தோம். குதிகால் வரை வந்துவிடுவார், அதற்கு மேல் விரல் ஒத்துழைக்காது. கத்திரி வெயிலில் வியர்த்து அரிக்கவும் செய்யும். எத்தனை நல்ல உறையானாலும் அலமாரியில் கிடந்தால் காலுக்குப் பயனில்லை.

அதனால்தான் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டைகள் வைத்த உறையை நான் வலியுறுத்துகிறேன். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பட்டையாக இழுத்து ஒட்ட வேண்டியதுதான், விரலில் வலு குறைந்தவர்களில் பலருக்கும் இது முடியும். வீக்கம் வடிய வடிய இறுக்கிக்கொள்ளலாம். துணி அதிகம் நீளாததால் நடக்கும்போது கெண்டைச் சதைக்கு நல்ல எதிர்ப்பு கிடைக்கும், உட்கார்ந்திருக்கும்போது அதிகம் உறுத்தாது. விலை கூடுதல், பருமனாக இருக்கும், பெரும்பாலும் சொல்லி வரவழைக்க வேண்டும். இருந்தாலும் தனியாக வாழும் முதியவருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

புண் வந்துவிட்டால் சுமார் 40 மில்லிமீட்டர் அழுத்தம் தேவைப்படும். பயிற்சி பெற்ற செவிலியர் கட்டும் பல அடுக்குக் கட்டு அதற்குத்தான். 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் இரட்டை அடுக்குக் காலுறையும் நான்கு அடுக்குக் கட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புண்ணை ஆற்றின. ஆனால் காலுறையைத் தாங்க முடியாமல் நடுவில் மாறியவர்கள் அதிகம். லேசர் போன்ற முறைகளால் கெட்ட குழாயைச் சீக்கிரமே அடைத்தால் புண் விரைவில் ஆறும் என்று 2018-இல் இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதிலும் அழுத்த வைத்தியம் கூடவே நடந்தது.

எதை வாங்கும் முன்பும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.8-க்குக் கீழே என்றால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இறுக்கக் கூடாது, 0.5-க்குக் கீழே என்றால் அறவே கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம், அவர்களுக்குக் கால் விரலிலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை, நம் கடலோரத்தின் பழைய தொல்லையான யானைக்கால் எல்லாமே காலை வீங்கவைப்பவை. ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்தால் உறை தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம். உறை போட்ட பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டு மரத்தாலோ, வலி கூடினாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.